பின்சீட்டில் வருபவன் பேச மாட்டான்

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஐப்பசியில் திருவொற்றியூரிலிருந்து நாகப்பட்டினம் வரை புல்லட்டில் போக வேண்டும், உன் நாய் கருப்பனையும் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். எந்த ரெயின்கோட் நல்லது, எந்தப் பை நனையாது என்று கேட்கிறாய். போகாதே என்று நான் சொல்லப் போவதில்லை. ஆனால் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக்கொள். உனக்குக் குளிர்ந்தால் வண்டியை ஓரங்கட்டுவாய். கருப்பனுக்குக் குளிர்ந்தால் அவன் யாரிடம் சொல்வான்? இந்தப் பயணத்தை அவன் கேட்கவும் இல்லை. ஆகவே வண்டி, வழி, வேகம், கிளம்பும் நாள் எல்லாவற்றையும் அவன் தாங்கும் அளவை வைத்து முடிவு செய். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதலில் அவன் உட்காரும் இடம். பெட்ரோல் டேங்க் மேல் நாயை நிற்க வைத்துக்கொண்டு ஓட்டுகிறவர்களை எண்ணூர் நெடுஞ்சாலையில் நீயே பார்த்திருப்பாய். ஒரு பிரேக் போதும், அந்த நாய் ஹேண்டில்பாரைத் தாண்டிப் போய் விழும். தேவையில்லாத வேதனை தரும் விதத்தில் விலங்கை ஏற்றிச் செல்வது, 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரைதான். தொகையைப் பார்த்து அலட்சியமாக இருந்துவிடாதே. சட்டம் கேட்பதைவிட நீ அவனுக்குப் பட்டிருக்கும் கடன் பெரியது.

சிறிய நாய் என்றால், பின்சீட்டின் மேல் கேரியரோடு போல்ட் போட்டு இறுக்கிய பெட்டி போதும். அடியில் வழுக்காத ரப்பர் விரிப்பு, பக்கங்களில் காற்று வர இடம், மேலே மழைக்கு மூடி. கழுத்துப் பட்டையில் கயிற்றைக் கட்டக் கூடாது. வண்டி குலுங்கினால் கழுத்தை நெரித்துவிடும். மார்பைச் சுற்றிப் போடும் பட்டையில் கட்டி, எழுந்து திரும்பிப் படுக்கும் அளவுக்கு மட்டும் நீளம் விடு. பெட்டி சைலன்சர் பக்கம் தொங்கக் கூடாது, சூடு பாதத்தைச் சுட்டுவிடும். நாய் கனமாக இருந்தால் பின்சீட் சரிப்படாது. வளைவில் அவன் ஒரு பக்கம் சாய்ந்தால் வண்டியும் சாயும். அதற்குச் சைடு கார்தான் வழி. வண்டியின் அமைப்பை மாற்றுவதாக இருந்தால் ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கிய பிறகு மாற்று.

கருப்பனுக்குக் கண்ணாடி போடலாமா என்று கேட்டிருந்தாய். போடலாம். 1903-இல் ஹொரேஷியோ நெல்சன் ஜாக்சன் என்பவர் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து நியூயார்க் வரை காரில் போனார். அமெரிக்காவின் குறுக்கே கார் ஓட்டிப் போன முதல் பயணம் அது. வழியில் சேர்த்துக்கொண்ட பட் என்ற நாயின் கண்ணில் புழுதி பட்டுப் புண்ணாகிறது என்று அதற்கும் ஒரு கண்ணாடி மாட்டிவிட்டார். உன் வழியில் புழுதிக்குப் பதில், லாரிச் சக்கரம் வாரி அடிக்கும் சேற்றுத் தண்ணீர். ஆனால் கண்ணாடியும் பெட்டியும் ஒரே நாளில் பழகிவிடாது. முதலில் நிற்கும் வண்டியில், எஞ்சின் ஓடாமல் உட்கார வை. அப்புறம் எஞ்சின் சத்தத்தோடு. அப்புறம் தெருக்கோடி வரை. பெட்டியைப் பார்த்ததும் அவன் வாலை ஒடுக்கினாலோ, காதை மடக்கினாலோ, எச்சில் ஒழுகவிட்டாலோ, அவன் வேண்டாம் என்கிறான். பழகவே இல்லை என்றால் வீட்டில் விட்டுவிட்டுப் போ. நான் பார்த்துக்கொள்கிறேன்.

இனி மழை. நாயின் உடல் வெப்பம் நம்மைவிடக் கொஞ்சம் அதிகம், 101 முதல் 102.5 ஃபாரன்ஹீட் வரை. ரோமம் நனைந்து, அதன் மேல் ஓடும் வண்டியின் காற்றும் அடித்தால் அந்தச் சூடு வேகமாக இறங்கும். நடுக்கம் அதன் முதல் அடையாளம். கண்டதும் நிறுத்து, துவட்டு, காய்ந்த துணியில் சுற்று. அதற்காகப் பெட்டியை பிளாஸ்டிக் தாளால் இறுக்கி மூடிவிட்டால் இன்னொரு ஆபத்து. நாய் நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியேற்றும். காற்று இல்லாத ஈரப் பெட்டியில் அது முடியாது. ஆகவே மேலே மூடி, பக்கத்தில் காற்று. மணிக்கொரு தடவை இறங்கிப் பார். காதின் உள்பக்கத்தையும் துவட்டு. ஈரம் தங்கினால் காதில் சீழ் பிடிக்கும்.

சாலைக்கு வருவோம். மழை தொடங்கிய முதல் சில நிமிடங்கள்தான் மோசமானவை. வெயில் காலம் முழுக்க ரோட்டில் படிந்த டீசலும் ஆயிலும் தண்ணீரோடு சேர்ந்து வழுக்கும். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் டிரெய்லர்கள் ஓடும் நம் பக்கத்துச் சாலைகளில் அது இன்னும் அதிகம். அந்த நேரம் டீக்கடையில் ஒதுங்கி நில். டிரெய்லரின் இடப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு போகாதே, ஓட்டுநருக்கு உன்னைத் தெரியாது. மீஞ்சூரிலிருந்து வண்டலூர் வரை 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை இருக்கிறது. சுற்றுவழிதான், ஆனால் நகர நெரிசல் மிச்சம். அங்கிருந்து திண்டிவனம், புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், காரைக்கால் என்று போய்விடலாம். உன் பழைய வண்டியில் ஏ.பி.எஸ். கிடையாது. முன்னும் பின்னும் டிரம் பிரேக். தண்ணீரைக் கடந்ததும் மெதுவாக ஓட்டியபடியே பிரேக்கை லேசாக அழுத்திக் காயவிடு.

தேங்கிய வெள்ளத்தில் மட்டும் வண்டியையும் நாயையும் இறக்காதே. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் மணலிப் பக்கத்து எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து எண்ணூர் முகத்துவாரம் வரை பரவியது உனக்கு நினைவிருக்கும். நம் பகுதி வெள்ளம் வெறும் மழைத்தண்ணீர் இல்லை. நீ காலைக் கழுவிவிடுவாய், கருப்பன் நக்கிவிடுவான். எலி மூத்திரம் கலந்த தண்ணீரால் எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், உனக்கும் வரும். நாய்க்கு அதற்குத் தடுப்பூசி உண்டு. முதல் தடவை என்றால் சில வாரம் இடைவெளி விட்டு இரண்டு ஊசி போட வேண்டும். கிளம்பும் வாரத்தில் ஓடினால் பயனில்லை. வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்றையும் பையில் வை. காய்ச்சல் என்று நீ போடும் பாராசிட்டமாலை அவனுக்குக் கொடுத்துவிடாதே, அது நாய்க்கு விஷம்.

1955-இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா நம் திருவொற்றியூரில் செய்த வண்டி புல்லட். அதற்கு மெக்கானிக் எந்த ஊரிலும் கிடைப்பார். ராத்திரி பத்து மணிக்கு நாய்க்கு டாக்டர் கிடைக்க மாட்டார். வழியில் உள்ள கால்நடை மருத்துவமனைகளை முன்கூட்டியே குறித்து வை. தங்கும் இடத்தில் நாயை விடுவார்களா என்று கேட்டுவிட்டு அறை பிடி. கிளம்புவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே அவன் சாப்பாட்டை முடித்துவிடு. வழியில் தண்ணீர் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு. எங்கே நிறுத்தினாலும் கயிற்றைக் கையில் பிடித்த பிறகுதான் பெட்டியைத் திற. தெருநாய்கள் சூழ்ந்தால் அவன் மிரண்டு ரோட்டில் பாய்ந்துவிடுவான்.

கடைசியாக, போவதா வேண்டாமா என்பது. ஐப்பசியும் கார்த்திகையும் புயல் மாதங்கள். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரை கடந்தது நீ போகும் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில்தான். வானிலை மையம் வழியில் உள்ள எந்த மாவட்டத்துக்கும் ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை கொடுத்தால் அன்று கிளம்பாதே. நடுவழியில் வந்தால் இருக்கும் ஊரிலேயே தங்கு. இதை இப்போதே நோட்டில் எழுதி வை. ரோட்டில் நின்று யோசித்தால் 'இன்னும் முப்பது கிலோமீட்டர்தானே' என்று மனசு சொல்லும். காசிமேட்டு மீனவர்களிடம் கேட்டுப் பார். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால் படகைக் கட்டிவிட்டு வலை பின்ன உட்கார்ந்துவிடுவார்கள். அவர்களை யாரும் கோழை என்று சொன்னதில்லை.

இந்த வாரமே கருப்பனை வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போ. ஊசிக்குத் தேதி வாங்கு, எடை பார்த்து எனக்கு எழுது. பெட்டியா, சைடு காரா, இல்லை என் வீட்டுத் திண்ணையா என்பதை அதைப் பார்த்து முடிவு செய்வோம்.

அன்புடன்,
பெரியப்பா