ஒளி புகும் வாயில் – இணைப்பியின் இலக்கணம்

முன்னுரை

இரு சொற்கள் சேருமிடத்தில் நிகழ்வதை ஆராய்வது புணர்ச்சி இலக்கணம். நிலைமொழியின் ஈறும் வருமொழியின் முதலும் ஒன்றையொன்று ஏற்குமாயின் அஃது இயல்பு. ஏலாதவிடத்துத் தோன்றல், திரிதல், கெடுதல் ஆகிய விகாரங்கள் நிகழும். அறிவியல் உலகிலும் இத்தகைய புணர்ச்சி ஒன்று உண்டு. ஒளிமூலத்தை நிலைமொழி எனவும் ஒளியிழைக் கற்றையை வருமொழி எனவும் கொண்டால், இவை புணருமிடமே இணைப்பி. ‘மண்வெட்டி’ என்பதில் கருவிப்பொருளில் வரும் இகர விகுதியே ‘இணைப்பி’யிலும் அமைந்துள்ளது. மருத்துவர் கையாளும் அகநோக்கியைச் சான்றாகக் கொண்டு இதன் அமைப்பை ஈண்டுக் காண்போம்.

வரலாறு

பழைய அகநோக்கிகளில் சிறு மின்விளக்கு ஒன்று குழலின் நுனியிலேயே பொருத்தப்பட்டு உடலினுள் சென்றது. அதன் வெப்பம் நோயாளிக்கு இடர் தந்தது, வெளிச்சமும் குறைவு. 1954ஆம் ஆண்டு ஹாப்கின்சும் பஞ்சாபில் பிறந்த நரீந்தர் சிங் கபானியும் கண்ணாடி இழைக் கற்றையின் வழியே உருவத்தைச் செலுத்திக் காட்டிய ஆய்வை ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டனர். 1957இல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஹிர்ஷோவிட்ஸ் இழைகளாலான இரைப்பை நோக்கியைப் பயன்படுத்தினார். 1960இல் ஜெர்மனியின் கார்ல் ஸ்டோர்ஸ், விளக்கை உடலுக்கு வெளியே வைத்து ஒளியை மட்டும் இழைவழி உள்ளே அனுப்பும் முறையை வகுத்தார். விளக்கு வெளியே வந்தபின் அதனையும் இழையையும் சேர்க்கும் வாயில் இன்றியமையாததாயிற்று.

இரு பொருத்தங்கள்

இணைப்பியை வடிவமைப்போர் முதற்கண் நோக்க வேண்டுவன இரண்டு. ஒன்று பரப்பு, மற்றொன்று கோணம்.

பரப்புப் பொருத்தம் எளிதில் விளங்கும். 5 மி.மீ. விட்டமுள்ள சீரான ஒளிவட்டத்தை 3 மி.மீ. விட்டமுள்ள கற்றையின் முகத்தில் வீழ்த்தினால், 36 விழுக்காடே உட்புகும். எஞ்சியது சுற்றியுள்ள உலோகத்தில் வீழ்ந்து வெப்பமாகும்.

கோணப் பொருத்தம் நுட்பமானது. இழையின் உள்ளகம் ஒளிவிலகல் எண் மிகுந்த கண்ணாடி. அதன் மேலுறை எண் குறைந்த கண்ணாடி. இவ்விரண்டின் எல்லையில் நிகழும் முழு அகப் பிரதிபலிப்பினால் ஒளி உள்ளேயே செல்கிறது. உள்ளகத்தின் எண் 1.62, உறையின் எண் 1.52 எனக் கொண்டால், இழையின் அச்சிலிருந்து ஏறத்தாழ 34 பாகைக்குள் வரும் கதிர்களை மட்டுமே இழை ஏற்கும். அதனினும் சாய்ந்து வருபவை உட்புகுந்தும் உறைவழி வெளியேறிக் கெடும்.

அவ்வாறாயின், வில்லைகளை வைத்து ஒளிவட்டத்தையும் கோணத்தையும் ஒருங்கே சுருக்கலாகாதோ எனில், ஆகாது. வட்டத்தைச் சுருக்கினால் கோணம் விரியும். கோணத்தைச் சுருக்கினால் வட்டம் விரியும். இது இயற்கை விதி. எவ்வளவு சிறந்த வில்லையாலும் இதனைக் கடக்க இயலாது. ஆதலின் சிறிய பரப்பிலிருந்து மிகுந்த ஒளி தரும் மூலத்தைத் தேர்வதே வழி. சேனான் வில்விளக்கு இதற்கென்றே நெடுங்காலம் விரும்பப்பட்டது. எல்லாத் திசையிலும் ஒளி பரப்பும் தட்டையான எல்.இ.டி.யை மேற்கண்ட இழையோடு நேரே ஒட்டி வைத்தால், அதன் ஒளியில் ஏறத்தாழ 31 விழுக்காடே இழை ஏற்கும் கோணத்திற்குள் அமையும்.

அமைப்பு

நீள்வட்டக் குழியாடிக்குக் குவியங்கள் இரண்டு. ஒன்றில் விளக்கின் சுடரும் மற்றொன்றில் கற்றையின் முகமும் அமைய வேண்டும். இணைப்பியின் உலோகக் குழலும் அதன் விளிம்புத் தடையும் முகத்தை அவ்விடத்தில் நிறுத்துகின்றன. 34 பாகைச் சாய்வில் குவியும் ஒளியில் முகம் 1 மி.மீ. விலகினால், ஒளிவட்டத்தின் விட்டம் ஏறத்தாழ 1.35 மி.மீ. பெருகும். தளர்ந்த பொருத்தம் மங்கிய ஒளியாவது இதனாலேயே.

வட்டங்களை எத்துணை நெருக்கி அடுக்கினும் 90.7 விழுக்காட்டுக்கு மேல் இடம் நிரம்பாது. மேலுறையும் இடங்கொள்வதால் உள்ளகத்தின் பங்கு இன்னும் குறையும். இடைவெளியில் இட்ட பசை வெப்பத்தில் கருகும். ஆதலின் உயர்ந்த கற்றைகளில் முனையை உருக்கி இழைகளை ஒன்றோடொன்று ஒட்டச் செய்வர். விளக்குக்கும் முகத்துக்கும் இடையே அகச்சிவப்புக் கதிரைத் தடுக்கும் வடிகட்டியும் வைப்பர்.

பயன்படுத்துவோர் கடமை

‘குளிர் ஒளி’ என்னும் பெயரை நம்பி ஏமாறலாகாது. வடிகட்டிய பின்னும், கண்ணுக்குப் புலனாகும் ஒளியே ஒரு பொருளால் ஈர்க்கப்படுங்கால் வெப்பமாகிறது. எரியும் விளக்கோடு இணைந்த கற்றையின் மறுமுனையை அகநோக்கியினின்று கழற்றித் துணியின்மேல் வைத்தால் துணி கருகும், தீப்பற்றவும் கூடும், மயக்கத்தில் கிடக்கும் நோயாளியின் தோல் வெந்துபோகும். அவரால் கூவியழைக்கவும் இயலாது. ஆகவே இரு முனைகளையும் பொருத்திய பின்னரே விளக்கை ஏற்றுதலும், கழற்றுமுன் அதனைத் தணித்தலும் விதியாயின. பருத்த கற்றையை மெல்லிய அகநோக்கியோடு பொருத்துதலும் தவறு. 5 மி.மீ. கற்றை 2.5 மி.மீ. முகத்தைச் சேர்ந்தால் நான்கில் மூன்று பங்கு ஒளி உலோக வளையத்தையே சுடும். முகத்தில் படிந்த குருதியோ தூசியோ கருகி ஒளியை மறைக்குமாதலின் தூய்மையும் வேண்டும்.

முடிவுரை

விளக்கின் ஆற்றலைப் பலர் புகழ்வர். இழையின் மெல்லிமையை வியப்பர். இடையே நிற்கும் சிறு குழலை நினைப்பார் சிலரே. ஆயினும் பரப்பும் கோணமும் இடமும் பொருந்தினாலன்றி அவ்விரண்டும் பயன்படா. பொருந்தாப் புணர்ச்சியில் கெடுவது எழுத்தாயின் இலக்கணம் அமைதி கூறும். ஈண்டுக் கெடுவது ஒரு நோயாளியின் உடலாகலாம். எனவே அறிவியல் பயிலும் நம் மாணவர்கள் பொருள்களைக் கற்பதோடு அமையாது, அவை சேருமிடங்களையும் கூர்ந்து கற்பாராக.