வீட்டுக் கொல்லையில் முதற் பூம்பாத்தி

புதிதாகப் பூம்பாத்தி அமைக்க விரும்புவோருள் பெரும்பாலோர் முதலிற் செய்யும் காரியம் விதை வாங்குவதாகும். உண்மையில் அது இறுதியிற் செய்யத்தக்கது. விதை முளையாமையாலோ, முளைத்த நாற்று மடிவதாலோ முதல் முயற்சி வீணாகுமானால், “நமக்குக் கைராசி இல்லை” என்று கூறி மண்வெட்டியை மூலையிற் சாத்திவிடுவோர் பலர். விரிவுப் பணியாளரும் பள்ளி ஆசிரியரும் இத்தகையோரை அடிக்கடி சந்திக்கின்றனர். கைராசி எனப்படுவது பெரும்பாலும் இடம், மண், நீர் ஆகியவற்றைப் பற்றிய அறிவே. ஆதலின் தோல்விக்குரிய காரணங்களை முன்னரே விளக்கிக் கூறுதல் பயன் தரும்.

முதற் பாத்திக்குச் செண்டுமல்லியே ஏற்றது. இஃது மெக்சிக்கோ நாட்டுக்குரிய செடி. உயரமாக வளர்ந்து பெரிய பூக்களைத் தரும் ‘டாஜெடெஸ் எரெக்டா’ என்னும் இனம் ஆப்பிரிக்கச் செண்டுமல்லி என்றும், குட்டையான ‘டாஜெடெஸ் பாட்டுலா’ என்னும் இனம் பிரெஞ்சுச் செண்டுமல்லி என்றும் வழங்குகின்றன. இரண்டு பெயர்களுக்கும் செடியின் தாயகத்துக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. தில்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட பூசா நாரங்கி கேந்தா, பூசா பசந்தி கேந்தா என்னும் இரு வகைகள் உயர்ந்த இனத்தைச் சேர்ந்தவை. முன்னது ஆரஞ்சு நிறப் பூவையும் பின்னது மஞ்சள் நிறப் பூவையும் தரும்.

வட இந்தியச் சமவெளியில் குளிர்காலப் பூவுக்குச் செப்டம்பர் நடுவில் விதைத்து அக்டோபர் நடுவில் நாற்று நடுவர். இங்குதான் முதல் பிழை நேர்கிறது. செப்டம்பரில் வெயில் நன்கு விழும் இடத்தைத் தேர்ந்தெடுத்தவர், டிசம்பரில் அதே பாத்தி நாள் முழுதும் நிழலிற் கிடப்பதைக் கண்டு வியக்கிறார். கொல்லையின் தென்புறத்தில் 2 மீட்டர் உயரமுள்ள மதில் இருப்பதாகக் கொள்வோம். தில்லியில் ஜூன் மாத இறுதி வாரங்களில் நண்பகற் கதிரவன் ஏறக்குறைய உச்சியில் நிற்பதால், அம்மதிலின் நிழல் 20 சென்டிமீட்டர் அளவே. டிசம்பர் 22-ஆம் நாளை ஒட்டிக் கதிரவன் தென்வானில் 38 பாகை உயரத்திலேயே நிற்கிறது. அப்போது நண்பகல் நிழல் இரண்டரை மீட்டரைத் தாண்டும். சென்னையில் அதே மதிலின் நிழல் அந்நாளில் சுமார் ஒன்றரை மீட்டர். ஸ்ரீநகரில் 3 மீட்டருக்கு மேல். செண்டுமல்லிக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேரமேனும் நேர் வெயில் வேண்டும். எனவே மதிலிலிருந்து எவ்வளவு தள்ளிப் பாத்தி அமைத்தல் வேண்டும் என்பதை, கயிற்றை நீட்டுவதற்கு முன்பே கணக்கிட்டுக் கொள்ளலாம். மேல்வகுப்பு மாணவர்க்கு இஃது ஒரு நல்ல திரிகோணக் கணக்குமாகும்.

இடம் முடிவானபின் மண்ணைக் கவனித்தல் வேண்டும். புதிய குடியிருப்புகளின் கொல்லைப்புறம் பெரும்பாலும் கட்டட வேலையின் குப்பைமேடே. மேலே நான்கு விரற்கடை நல்ல மண் பரப்பப்பட்டிருக்கும். கீழே உடைந்த செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் புதைந்து கிடக்கும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் வேர் அதனை ஏற்க இயலாது. இளந்தளிர் மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சையாகத் தோன்றும். இதனைக் கண்டு உரம் போதவில்லை என்று கருதி மேலும் மேலும் உரம் இடுவோர் உளர். அதனால் பயன் இல்லை. 30 சென்டிமீட்டர் ஆழத்திலிருந்து எடுத்த உலர்ந்த மண்ணில் சிறிது காடியையோ எலுமிச்சைச் சாற்றையோ விட்டு உற்று நோக்கினால், சுண்ணாம்பு மிகுந்த மண் நுரைத்துப் பொங்கும். அத்தகைய இடத்தில் காரையைப் பொறுக்கி நீக்கிவிட்டு, வேறிடத்து மண்ணைக் கொணர்ந்து நிரப்புவதே வழி.

வடிகாலை அறிய, 30 சென்டிமீட்டர் குழி தோண்டி நீர் நிரப்பி, அது வடிந்தபின் மீண்டும் ஒருமுறை நிரப்புதல் வேண்டும். இரண்டாம் முறை விட்ட நீர் மறுநாளும் தேங்கி நின்றால், தரைமட்டத்துக்கு மேல் 15 சென்டிமீட்டர் உயர்த்தியே பாத்தி அமைக்க வேண்டும்.

பாத்தியின் அகலம் 1.2 மீட்டருக்கு மேற்படலாகாது. இருபுறத்திலிருந்தும் கை எட்டினால்தான் உள்ளே கால் வையாமல் களை எடுக்க முடியும். மிதிபட்ட மண்ணில் காற்று புகாது. நீளம் 2.4 மீட்டர் போதும். பெரிய பாத்தி அமைத்துக் களைக்கு இரையாக்குவதைவிட இச்சிறு பாத்தியை நன்கு பேணுதல் மேல். 30 சென்டிமீட்டர் ஆழம் கொத்தி ஒரு வாரம் வெயிலில் உலரவிட்டு, சுமார் 15 கிலோ நன்கு மக்கிய தொழு உரத்தைக் கலத்தல் வேண்டும். மக்காத சாணமும் வைக்கோலும் கறையானை வரவழைக்கும். அன்றியும் வைக்கோலைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைட்ரஜனைத் தாமே எடுத்துக்கொள்வதால், செடி சில வாரங்கள் பட்டினி கிடக்க நேரிடும்.

இனி விதை. செண்டுமல்லியின் ‘விதை’ எனப்படுவது தாவர நூல்வழி ஓர் உலர்கனியாகும். கறுத்து நீண்டு, நுனியில் வெளிறிய சிதல் கொண்டிருக்கும். பழைய விதையில் முளைப்புத் திறன் குன்றிவிடுவதால், ஈரத்துணியில் 50 விதைகளைப் பரப்பி ஒரு வாரத்தில் எத்தனை முளைக்கின்றன என எண்ணிப் பார்த்தல் நலம். பாதிக்கு மேல் முளைக்காவிடில் வேறு விதை வாங்குக.

நாற்றங்காலில்தான் தொடக்கநிலையாளர் பெரிதும் மனம் உடைகின்றனர். மாலையில் செழித்து நின்ற நாற்று, காலையில் தரையோடு தரையாகச் சாய்ந்து கிடக்கும். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நூல்போல் மெலிந்திருக்கும். பூச்சி கடித்தது என்று பலர் எண்ணுவர். எறும்பின்மேல் பழி போடுவாரும் உண்டு. பித்தியம், ரைசோக்டோனியா முதலிய பூசணங்களால் உண்டாகும் நாற்றழுகல் நோயே இது. நெருக்கமான விதைப்பும் ஓயாத ஈரமும் இதற்குத் துணை செய்கின்றன. ஆர்வ மிகுதியால் காலையும் மாலையும் நீர் ஊற்றுபவரே தம் நாற்றை இழக்கிறார். 5 சென்டிமீட்டர் இடைவெளியில் கோடு கிழித்து விதைகளை அரை சென்டிமீட்டர் ஆழத்தில் தூவி, பொடித்த மண்ணால் மூடி, காலையில் மட்டும் பூவாளியால் தெளித்தல் போதும். மூடுபுல் பரப்பியிருந்தால், முளை கண்டவுடன் அதனை அகற்றிவிட வேண்டும். நோய் தோன்றிய இடத்து நாற்றுகளை மண்ணோடு எடுத்து அப்புறப்படுத்தி, இரண்டொரு நாள் நீரை நிறுத்தினால் எஞ்சியவை பெரும்பாலும் பிழைக்கும்.

மூன்று நான்கு இலைகள் விட்ட நாற்றை மாலை வேளையில், வேரோடு மண் ஒட்டியிருக்குமாறு பெயர்த்து நடுதல் வேண்டும். பாத்தி கிழக்கு மேற்காக நீண்டிருப்பின், உயர்ந்த இனத்தை வடபுறத்தில் 40 சென்டிமீட்டர் இடைவெளியில் இரு வரிசையாகவும், குட்டை இனத்தைத் தென்புறத்தில் 20 சென்டிமீட்டர் இடைவெளியில் இரு வரிசையாகவும் நடலாம். இவ்வாறு நட்டால் முன்னதற்கு 12 நாற்றும் பின்னதற்கு 24 நாற்றும் தேவைப்படும். தென்வானிலிருந்து வரும் வெயிலை உயர்ந்த செடிகள் மறைக்கமாட்டா.

நட்டபின் ஒரு மாதம் கழித்து உயர்ந்த இனத்தின் நுனிக்கொழுந்தைக் கிள்ளிவிட வேண்டும். முதல் மொட்டை எதிர்நோக்கி இருப்பவர்க்கு இது கொடுமையாகத் தோன்றும். நுனியில் உண்டாகும் ஆக்சின் என்னும் ஹார்மோன் பக்கக் கிளைகளை அடக்கி வைத்திருக்கிறது. நுனி நீங்கினால் அவை விடுபட்டு வளரும். பூ சில நாள் தாமதிக்கும். ஆயின் எண்ணிக்கை மிகும். குளிர்காலத்தில் வாரம் ஒருமுறை நீர் பாய்ச்சினால் போதும். உறைபனி விழும் எனத் தோன்றும் இரவுகளில் சாக்குத் துணியால் செடிகளை மூடி, முந்திய மாலையில் நீர் பாய்ச்சி வைத்தல் நலம். செண்டுமல்லி உறைபனியைத் தாங்காது.

வாடிய பூக்களை அவ்வப்போது கிள்ளிவிட்டால், விதை முற்றுவதற்குச் செலவாகும் உணவு புதிய மொட்டுகளுக்குக் கிட்டும். விதைக்கென நல்ல செடிகளில் இரண்டை மட்டும் விட்டுவைக்கலாம். கலப்பின விதையானால் அடுத்த தலைமுறை ஒரே சீராக அமையாது.

பூத்து ஓய்ந்த செடிகளைப் பிடுங்கும்போது வேரையும் மாணவர்க்குக் காட்டுதல் வேண்டும். அதே கொல்லையில் வளர்ந்த கத்தரிச் செடியின் வேரில் சிறு முடிச்சுகள் காணப்படலாம்; அவை நூற்புழுக்கள் உண்டாக்குபவை. செண்டுமல்லியின் வேரில் கந்தகம் அடங்கிய சில பொருள்கள் உள்ளன. அவை சிலவகை நூற்புழுக்களை ஒடுக்குகின்றன; எல்லா வகையையும் அல்ல. இரு வேர்களையும் கழுவி அருகருகே வைத்து, கைவில்லையால் நோக்கி, முடிச்சுகளை எண்ணிக் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டால், அடுத்த பருவத்தில் கத்தரியை எங்கு நடுவது என்பதற்கு அக்குறிப்பு உதவும்.