சொல்ல வேண்டியவருக்கு மட்டும் சொல்வோம்

ஒரு கிராமத்தை எண்ணிப் பார்ப்போம். அங்கே ஒரு தாய்க்குக் காசநோய் இருப்பது மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்தில் தெரியவருகிறது. வழமையாக ஆறு மாதம் தவறாமல் மருந்து எடுத்தால் குணமாகும் நோய் இது. ஆனால் உதவிப் பணத்துக்காக அவர் கொடுத்த விண்ணப்பம் அலுவலக மேசையில் திறந்தபடி கிடக்கிறது. வரிசையில் நின்ற ஒருவர் அதை வாசிக்கிறார். மறுநாள் கிணற்றடியில் அதே பேச்சு. அவருடைய பிள்ளைகளோடு விளையாட ஒருவரும் வருவதில்லை. வெட்கத்தால் அந்தத் தாய் கிளினிக்குக்குப் போவதை நிறுத்திவிடுகிறார். மருந்து இடைநடுவில் நின்றால் நோய் திரும்பலாம், மருந்துக்கு மசியாத நோயாகவும் மாறலாம், அயலவருக்கும் தொற்றலாம். ஒரு கடதாசியைக் கவனிக்காமல் விட்டதன் விளைவு இது.

அப்படியானால் எல்லாவற்றையும் பூட்டி வைப்பதா? அதுவும் தவறு. காசநோய் கட்டாயம் அறிவிக்கப்பட வேண்டிய நோய். வைத்தியர் சுகாதாரத் திணைக்களத்துக்கு அறிவிக்கிறார். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்குச் சென்று, உடனிருப்போரைப் பரிசோதனைக்கு அனுப்புகிறார். நோயாளி சம்மதித்தாலும் சம்மதியாவிட்டாலும் இது நடக்க வேண்டும். 1897 ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டம் இதைக் கடமையாக்கியுள்ளது.

உதவிப் பணத்தின் வழி வேறு. அதை நோயாளி தாமே விரும்பிக் கேட்கிறார். கொடுப்பதா என்று தீர்மானிக்கும் உத்தியோகத்தருக்கு வைத்தியச் சான்று தேவை. வதிவிடத்தையும் வருமானத்தையும் உறுதிப்படுத்துபவருக்கு நோயின் பெயர் தேவையில்லை.

2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் அரச அலுவலகங்களையும் கட்டுப்படுத்துவதற்காக இயற்றப்பட்டது. அது கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருமாறு அமைக்கப்பட்டது. சுகாதாரம், இனம், மதம், அரசியல் கருத்து, கைவிரல் அடையாளம் போன்ற உடற்கூற்று விபரங்கள், குற்றத் தீர்ப்புகள், பிள்ளைகளைப் பற்றிய விபரங்கள் ஆகியவற்றுக்கு அச்சட்டம் விசேட பாதுகாப்பு அளிக்கிறது. 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமும், ஒருவரின் மருத்துவப் பதிவுகளை அவரின் எழுத்து மூலச் சம்மதமின்றி மற்றவருக்குக் கொடுக்க இடமளிப்பதில்லை.

ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்துக்கு இத்தகைய விபரத்தை அனுப்பும்போது நான்கு கேள்விகள் கேட்கப்பட வேண்டும்.

1. எந்த அதிகாரத்தில்? சட்டம் கட்டளையிடுகிறதா, உரியவர் சம்மதித்தாரா, உயிராபத்தா?

2. எதற்காக? நோய்த் தடுப்புக்காகப் பெற்ற விபரம் வேறு தேவைக்குத் திரும்பக் கூடாது.

3. எவ்வளவு? எண்ணிக்கை போதுமானால் பெயர் வேண்டாம். டெங்கு பற்றிய வாராந்த அறிக்கையில் மாவட்ட வாரியான எண்ணிக்கைகளே வெளிவருகின்றன.

4. எப்படி, எவ்வளவு காலம்? மூடிய உறையிலா? யாருடைய பூட்டிய அலுமாரியில்? வேலை முடிந்தபின் என்ன செய்யப்படும்?

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. ஒரு பிள்ளை துன்புறுத்தப்படுவதை அறிந்தும் "அது அவர்கள் வீட்டு விஷயம்" என்று மௌனமாயிருப்பது இரகசியம் காப்பது ஆகாது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கம் இதற்காகவே உள்ளது. அங்கே சொல்லுங்கள், சந்தியில் சொல்லாதீர்கள்.

நமது கிராம அபிவிருத்திச் சங்கங்களும் மாதர் சங்கங்களும் விதவைகள், ஊனமுற்றோர், நோயாளிகள் எனப் பட்டியல்கள் எழுதி அலுவலகங்களுக்குக் கொடுக்கின்றன. நல்ல நோக்கத்தோடுதான் கொடுக்கிறோம். ஆனாலும் அந்தப் பெயர்கள் நம்முடையவை அல்ல. நம்மை நம்பி ஒப்படைக்கப்பட்டவை.

கூட்டத்தில் கலந்துரையாடுவதற்கு:

அ. நமது சங்கத்தின் கொப்பிகளில் யாருடைய என்ன விபரங்கள் உள்ளன? அவை எங்கே இருக்கின்றன?

ஆ. சென்ற முறை பட்டியல் கொடுத்தபோது உரியவர்களிடம் கேட்டோமா?

இ. மேலே சொன்ன தாய் நம் ஊரவரானால், அவர் மீண்டும் கிளினிக்குக்குப் போக நாம் என்ன செய்யலாம்?