சாண் துணியில் ஜிப் வைத்த கைப்பை

தறித்துணி வெட்டியபின் எஞ்சும் துண்டுகளை நாம் கழிவென்று ஒதுக்கிவிடுகிறோம். ஒரு சாண் அகலமும் அரை கெஜ நீளமும் இருப்பின், பழைய பாணிக் கைப்பை ஒன்று தைக்கலாம். அம்முறையை இங்கு காண்போம்.

முதலில் துணியைக் கஞ்சி போக அலசி, உலர்த்தித் தேய்த்துக்கொள்ள வேண்டும். இன்றேல், முதற்சலவையில் துணி சுருங்கும், ஜிப் சுருங்காது, பையின் வாய் நெளிந்துவிடும்.

9 அங்குல அகலம், 7 அங்குல உயரத்தில் மேல்துணி இரண்டும் உள்துணி இரண்டும் வெட்டுக. ஜிப் 8 அங்குலம் போதும். மேல்துணியின் நல்ல பக்கத்தில் ஜிப்பைக் கவிழ்த்து, அதன்மேல் உள்துணியைக் கவிழ்த்து, மூன்று விளிம்புகளையும் நூலோட்டிப் பின் தைக்கவும். ஜிப்பின் மறுவிளிம்பிலும் இவ்வாறே செய்க.

இனி ஜிப்பைப் பாதி திறந்து வைத்தல் மிக முக்கியம். மறந்தால் பையைப் புரட்ட இயலாது. மேல்துணிகளை ஒருபுறமும் உள்துணிகளை மறுபுறமும் நேர்சேர்த்து, கைப்பிடி நாடாவை மேல்துணிகளுக்கிடையே செருகி, அரை அங்குலம் உள்தள்ளிச் சுற்றிலும் தைக்கவும். உள்துணியின் அடியில் 3 அங்குலம் திறப்பு விடுக. உலோகப் பற்கள்மீது ஊசி பட்டால் முறியும். திறப்பின் வழியே பையைப் புரட்டி, அதனை மூடித் தைக்கவும்.

வாங்குவோர் முதலில் இழுத்துப் பார்ப்பது ஜிப்பையே. அது தடையின்றி ஓடினால்தான் நம் நெசவின் அருமையும் அவர் கண்ணிற்படும்.