போகும் நேரமும் வரும் நேரமும்

லண்டனுக்கும் நியூயார்க்கிற்கும் இடையே வான்வழித் தூரம் ஏறத்தாழ 5,550 கி.மீ. போனாலும் வந்தாலும் தூரம் ஒன்றுதான். ஆயினும் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு வரும் விமானம், அங்கே செல்லும் விமானத்தைவிடச் சுமார் ஒரு மணி நேரம் குறைவாகவே எடுத்துக்கொள்கிறது. ஏன்?

பூமி கிழக்கு நோக்கிச் சுழல்வதால் லண்டன் விலகி ஓடுகிறது என்றால், கிழக்கே வரும் விமானமல்லவா தாமதிக்க வேண்டும்? காற்று மண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்வதால் அப்படி நேர்வதில்லை. உண்மைக் காரணம், சுமார் 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஆறுபோல் ஓடும் ஜெட் காற்றோட்டம். 2020 பிப்ரவரியில் அது மிக வலுத்திருந்தபோது, ஒரு விமானம் நியூயார்க்கிலிருந்து 4 மணி 56 நிமிடத்தில் லண்டனை அடைந்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா? எளிமைக்காகத் தூரம் 5,600 கி.மீ., விமான வேகம் மணிக்கு 900 கி.மீ., காற்றின் வேகம் 100 கி.மீ. என்று கொள்வோம். எதிர்க்காற்றில் 5,600 ÷ 800 = 7 மணி. பின்காற்றில் 5,600 ÷ 1,000 = 5 மணி 36 நிமிடம். மொத்தம் 12 மணி 36 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் 12 மணி 27 நிமிடம்தான்!

போகும்போது இழந்த நேரம் வரும்போது முழுவதும் திரும்பக் கிடைக்கவில்லை. எதிர்க்காற்றில்தான் விமானம் அதிக நேரம் இருக்கிறது என்பதே இதற்குக் காரணம். காற்றின் வேகத்தை 200 ஆக்கினால் இழப்பு எவ்வளவு? நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.