துபாயும் சிங்கப்பூரும் ஒரே தூரம்தான்!

போன வருஷம் ஆனி மாதம் எங்க அப்பா வேலைக்காக துபாய் போனார். டிக்கெட்டைப் பார்த்துச் சொல்லும் பொறுப்பு எனக்கு. சென்னையில் புறப்பாடு காலை 10.00, துபாயில் வருகை பகல் 12.30 என்று இருந்தது. நான் உடனே கழித்துப் பார்த்து, "ரெண்டரை மணி நேரம்தாம்மா" என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன்.

12.30 ஆனது. ஒரு மணி ஆனது. போன் வரவில்லை. "இறங்கியிருப்பாருன்னு சொன்னியேடி, ஏன் இன்னும் பேசல?" என்று அம்மா சாப்பிடாமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாங்க. 2.10-க்குத்தான் அப்பா பேசினார். "இப்பத்தான் இறங்கினேன், இங்க மணி 12.40" என்றார்.

தப்பு என் கழித்தலில்தான். இரண்டு ஊர்க் கடிகாரத்தை ஒரே கடிகாரம் என்று நினைத்துவிட்டேன்.

பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுற்றுகிறது. அப்படியானால் 1 பாகைக்கு 4 நிமிடம். (சமூக அறிவியலில் வந்ததுதான். பரீட்சைக்குப் படித்துவிட்டு மறந்துவிட்டேன்.) நம் நாட்டு நேரம் 82½ பாகை கிழக்கு தீர்க்கரேகைக்கு உரியது. துபாய் நேரம் 60 பாகைக்கு உரியது. வித்தியாசம் 22½. அதை 4 ஆல் பெருக்கினால் 90 நிமிடம். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். அங்கே 12.30 என்றால் இங்கே 2.00. ஆகவே பயணம் 4 மணி நேரம்.

தூரத்தை வைத்தும் சரிபார்க்க ஆசை வந்தது. டீச்சரிடம் கேட்டு அலமாரியில் இருக்கும் உலக உருண்டையை வாங்கினேன். பூமத்திய ரேகையைச் சுற்றி நூல் வைத்தால் 96 செ.மீ. பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கி.மீ. அப்போ 1 செ.மீ.க்கு சுமார் 417 கி.மீ. சென்னையிலிருந்து துபாய்க்கு நூலை இழுத்துப் பிடித்தால் 7 செ.மீ. 7 × 417 = 2,919 கி.மீ. உண்மையான தூரம் சுமார் 2,930 கி.மீ.! சுவரில் மாட்டியிருக்கும் வரைபடத்தில் ஸ்கேல் வைத்து இப்படி அளக்காதீர்கள். உருண்டையைத் தட்டையாக விரிக்கும்போது தூரம் மாறிவிடும்.

விமானம் மேலே மணிக்கு சுமார் 840 கி.மீ. வேகத்தில் பறக்கும். 2,930 ÷ 840 = ஏறக்குறைய மூன்றரை மணி. மீதி அரை மணி எங்கே போச்சு? ஓடுபாதைக்கு மெதுவாக உருண்டு போவது, ஏறுவது, இறங்குவது, வளைந்து போகும் வழி எல்லாம் அதில் சேர்த்தி.

பிறகு நூலை அப்படியே திருப்பி சிங்கப்பூர் பக்கம் வைத்தேன். அதுவும் 7 செ.மீ.! பயணமும் சுமார் 4 மணி நேரம்தான். ஆனால் இங்கே காலை 10.00-க்கு ஏறினால் இறங்கும்போது அங்கே மாலை 4.30. கழித்தால் ஆறரை மணி நேரம் என்று காட்டும்! சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். இதில் ஒரு வேடிக்கை, அந்த ஊர் இருப்பது 104 பாகையில். ஆனால் 1982 முதல் 120 பாகைக்கு உரிய நேரத்தை வைத்திருக்கிறார்கள். அதனால் அங்கே சூரியன் உதிக்கவே 7 மணி ஆகிவிடும்.

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு. பொங்கலுக்கு அப்பா வருகிறார். ஜனவரி 12 இரவு 10.00-க்கு துபாயில் புறப்பாடு. பயணம் 4 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் இறங்கும்போது எங்க வீட்டுக் கடிகாரத்தில் மணி என்ன? தேதி என்ன? விடை தெரிந்தவர்கள் ஒன்பதாம் வகுப்புக்கு வந்து சொல்லுங்கள். அம்மாவிடம் இந்த முறை நான் இன்னும் சொல்லவில்லை.