திருச்சாரணத்து மலையும் தென்குமரிக் கடலும்

பொன்னூர் மலைமீது ஏறி ஆசாரிய குந்தகுந்தரின் திருவடிகளை வணங்கியபின், சிறிது நேரம் நின்று கீழே நோக்காதவர் நம்மில் அரியர். வந்தவாசி வட்டாரத்து வயல்களும் ஏரிகளும் கண்ணுக்கெட்டிய தூரம் பரந்து கிடக்கும். அக்காட்சியில் மகிழ்ந்த நம் குடும்பத்தார், தமிழகத்தின் தென்கோடியிலும் அத்தகைய மலையொன்று உண்டென்பதை அறிதல் வேண்டும். கன்னியாகுமரிக்குச் சுற்றுலா செல்லும் நம்மவர் பலர் கடலைக் கண்டு திரும்பிவிடுகின்றனர். ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிதறால் மலையைக் காண்பதில்லை.

சிதறால், மார்த்தாண்டத்திலிருந்து சுமார் 7 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில்தான் குமரி மாவட்டம் தமிழகத்துடன் இணைந்தது. அதுவரை வேறு ஆட்சியில் இருந்தமையால் வடதமிழகத்துச் சமணர்க்கு இம்மலையின் தொடர்பு குறைந்திருந்தது போலும்.

இதன் பழம்பெயர் திருச்சாரணத்து மலை. சாரணர் என்போர் தவவலிமையால் வானில் இயங்கும் ஆற்றல் பெற்ற முனிவர். சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் வணங்கிய சாரணரை இங்கு நினைவு கூரலாம்.

அடிவாரத்திலிருந்து நடைபாதை உண்டு. முதியோரும் நின்று நின்று ஏறிவிடலாம். மேலே, பெரும்பாறையொன்று கூரைபோல் கவிந்து நிற்க, அதன்கீழ்க் கோயில் அமைந்துள்ளது. அருகே பாறைச்சுனை. அங்கிருந்து நோக்கினால் தென்னந்தோப்புகளும், ரப்பர்த் தோட்டங்களும், மேற்குத் தொடர்ச்சி மலையின் நீலமும், குழித்துறை ஆறும் தோன்றும். இவ்வாற்றையும் தாமிரபரணி என்றே வழங்குவர். நெல்லைத் தாமிரபரணி வேறு.

முனிவர் இவ்விடத்தைத் தேர்ந்தது அழகு கருதியன்று. ஊரின் ஆரவாரம் எட்டாத உயரம் வேண்டும். ஆயினும் ஆகாரத்திற்கு இறங்கிச் சென்று மீளும் தொலைவில் இல்லறத்தார் வாழும் ஊரும் வேண்டும். மழைக்காலத்தில் ஓரிடத்தே தங்கும் துறவியர்க்குக் கவிந்த பாறையும் சுனையும் உதவின. மேலே நின்று கீழே ஊர்களைக் காணும்போது நம் கண்ணில் படுவது இந்த இடைவெளியே. துறவறத்திற்கும் இல்லறத்திற்கும் இடையே முன்னோர் வைத்த அளவு அது. பிள்ளைகளை அங்கு நிறுத்தி இதனைச் சொல்லிக் காட்டுக. வகுப்பறையில் விளங்காதது அங்கு விளங்கும்.

பாறை முகப்பில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. ஐந்தலை நாகம் குடைபிடிக்க நிற்கும் பார்சுவநாதரையும், அம்பிகா யட்சியையும் எளிதில் அடையாளம் காணலாம். சில உருவங்களின் கீழ் செய்வித்தோர் பெயர் வட்டெழுத்தில் உள்ளது. அவற்றுள் ஒன்று அச்சணந்தி. இப்பெயரை மதுரைச் சமணமலை முதலிய குன்றுகளிலும் காண்கிறோம். சமணமலையின் பேச்சிப்பள்ளத்தில் அவர்தம் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனியும் உண்டு. மகன் துறவியானபின் தாய் செய்வித்த அறம் என்று எண்ணும்போது நெஞ்சு நெகிழ்கிறது.

பெண்பாலார் பங்கு இம்மலையிலும் உண்டு. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, அரட்டநேமி பட்டாரரின் மாணாக்கியாகிய குணந்தாங்கிக் குரத்தியார் என்னும் துறவி திருச்சாரணத்து பட்டாரியார்க்குப் பொன்னணி அளித்ததைக் கூறுகிறது. அது ஏறத்தாழ 1100 ஆண்டுகளுக்கு முற்பட்ட செய்தி.

பிற்காலத்தில் இது பகவதி கோயிலாயிற்று. இதனை இழப்பென்று மட்டும் கருதுதல் பொருந்தாது. வழிபாடு நீங்கிய குன்றுகள் பல, கல்லுடைப்போர் கைப்பட்டு உருக்குலைந்தன. இங்கோ, பெயர் மாறினும் விளக்கு எரிந்தமையால் திருவுருவங்கள் எஞ்சின. அவ்வூர் மக்களுக்கு நாம் நன்றியுடையோம். இன்று தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இத்தகைய இடங்களிலும், பாறையில் தம் பெயரைக் கீறுவோர் இருக்கின்றனர். அச்சணந்தியின் பெயர் அங்கிருப்பது அவர் திருவுருவம் செய்வித்தமையால் என்பதைப் பிள்ளைகள் உணர வேண்டும். எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டுமென்று சுண்ணக்கட்டியோ எண்ணெயோ தடவுதலும் கூடாது. காலை வெயில் சாய்வாக விழும்போது எழுத்துகள் தாமே புலப்படும்.

ஆகவே காலையில் சிதறாலைக் கண்டு, மாலையில் குமரிமுனையை அடைதல் நன்று. கதிரவன் எழுவதையும் மறைவதையும் ஓரிடத்தே காண்பதற்குரிய முனை அது. கடற்பாறைமீது 133 அடி உயர்ந்து நிற்கும் வள்ளுவர் சிலை 2000ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில் திறக்கப்பெற்றது. பீடம் 38 அடி. அறத்துப்பாலின் அதிகாரங்களும் 38. விவேகானந்தர் பாறைக்கும் இதற்கும் இடையே கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பரில் திறக்கப்பட்டதால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே செல்லலாம். ஏலாசாரியர் எனப்படும் குந்தகுந்தரே குறளை அருளினார் என்பது நம் மரபு. பொன்னூரில் அவர் திருவடியைக் கண்டவர்க்கு இச்சிலை புதிதாய்த் தோன்றாது.

கதிரவன் மறைவைக் காண விழைவோர் உணவை அதற்குமுன்பே முடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். வடிகட்டிக் காய்ச்சிய நீரும், கட்டுச்சோறும் காலையிலேயே உடன் எடுத்துச் செல்க. மாலை ஐந்து மணிக்குள் உண்டுவிட்டுக் கடற்கரைக்கு நடந்தால், பதற்றமின்றி நின்று காணலாம்.